புதுப்பானையும் புத்தரிசியும்: பொங்கல் செய்முறையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பொங்கல் சிறப்பிதழில் 'பாரம்பரியச் சர்க்கரைப் பொங்கல்' என்ற தலைப்பில் வெளியான செய்முறையைப் பற்றியும், அதே இதழில் பண்டிகையின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் பற்றியும் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. பாதியில் விட்டால் பயன்படாத விஷயம் என்பதால் முழுவதையும் அனுப்புகிறேன்.

செய்முறை இப்படி இருந்தது: ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில், பிறகு வெல்லம், நெய், முந்திரி. பக்கத்தில் அச்சிட்டிருந்த படமோ மஞ்சள் கொத்து கட்டிய மண்பானை. குக்கரில் பொங்கல் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் படத்தைப் பார்த்துப் பானை வாங்கி, செய்முறையைப் பார்த்து அளவு போட்டவர் வீட்டில் அன்று காலை பானை விரிசல் விட்டிருக்கும், அல்லது அரிசி களியாகியிருக்கும், அல்லது பால் திரிந்திருக்கும். 'நமக்குக் கைப்பக்குவம் இல்லை' என்று அவர் நினைத்துக்கொள்வார். பிழை அவர் கையில் இல்லை. அரிசி புதிதா பழையதா என்று ஒரு சொல்கூட அந்தச் செய்முறையில் இல்லையே, அங்கேதான் பிழை.

இந்தப் பண்டிகையின் உயிரே புத்தரிசிதான். புறநானூற்றின் 168ஆம் பாட்டைப் பாருங்கள். பிட்டங்கொற்றன் என்ற சங்க காலத் தலைவனின் குதிரைமலை. காட்டுப்பன்றி கிளறிப் போட்ட புழுதியில் குறவர்கள் ஏர் பூட்டாமல் நல்ல நாள் பார்த்துத் தினை விதைக்கிறார்கள். முதலில் விளைந்த கதிரை 'நாள் புதிது உண்மார்', அதாவது நல்ல நாளில் புதிது உண்பதற்காக, மரையா என்ற காட்டுப்பசுவின் நுரை பொங்கும் பாலை வார்த்து, மான்கறி வேகவைத்த பானையைக் கழுவாமலே அடுப்பில் ஏற்றி, சந்தன விறகில் பொங்குகிறார்கள். மல்லிகை மணக்கும் முற்றத்தில், வாழையின் அகன்ற இலையில் அதைப் பகிர்ந்து உண்கிறார்கள். புதுத்தானியம், பால், பானை, முற்றம், வாழையிலை எல்லாம் அங்கே இருக்கின்றன. தானியம் மட்டும் நெல் இல்லை, தினை. தை என்ற மாதப் பெயரும் அங்கே இல்லை.

சிறப்பிதழின் வரலாற்றுக் கட்டுரை, சங்க காலத் 'தைந்நீராடல்'தான் இன்றைய பொங்கல் என்று உறுதியாக எழுதியிருந்தது. சங்கப் பாடல்களில் தைத் திங்கள் வருவது உண்மை. ஆனால் பெரும்பாலும் குளிர்ந்த நீரோடுதான் வருகிறது. பாரியின் பறம்பு மலைச் சுனைநீர் தை மாதத்தில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்கிறது குறுந்தொகை 196. தைத் திங்களில் குளத்தில் மூழ்கும் பெண்ணைக் காட்டுகிறது நற்றிணை 80. அது நீராடும் நோன்பு; அங்கே பானையும் இல்லை, புத்தரிசியும் இல்லை. மறுபுறம், சிலப்பதிகாரத்தில் 'பூவும் புகையும் பொங்கலும் சொரிந்து' புகார் நகரத்துக் காவற்பூதத்துக்குப் படைக்கிறார்கள். அது சித்திரையில் நடக்கும் இந்திரவிழா. பொங்கல் என்பது முதலில் ஒரு படையலின் பெயர், எந்த மாதத்திலும் படைக்கக்கூடியது. புதிது உண்பது ஒரு வழக்கம், தைநீராடல் ஒரு நோன்பு, பொங்கல் ஒரு படையல். மூன்றையும் ஒரே நாளில் முடிச்சுப் போட்டு 2000 ஆண்டு என்று எழுதுவதைவிட, மூன்றும் தனித்தனியாக நமக்கு இருந்தன என்று சொல்வதே பெருமையான செய்தி என்பது என் கருத்து.

'சூரியன் வடக்கே திரும்பும் நாள்' என்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. வானில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசியில் புகும் நாள். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது, ஆங்கில நாட்காட்டியோ பருவத்தை வைத்துக் கணக்கிடுகிறது. இந்த இரண்டும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகின்றன. 2022இல் ஜனவரி 14, 2023லும் 2024லும் ஜனவரி 15, 2025இல் மறுபடி 14 என்று நாள் ஊசலாடுவது வேறு காரணத்தால்: ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் மிஞ்சி, நான்காண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29ஆல் சரியாகிறது. முன்சொன்ன 72 ஆண்டு விலகலாலோ நாளடைவில் 15 நிலைத்து, பிறகு 16ஐ நோக்கிப் போகும்.

அறுவடைக்கு வருவோம். காவிரிப் படுகையில் சம்பா நெல் ஆடி, ஆவணி வாக்கில் நாற்று விட்டு, தையிலும் மாசியிலும் அறுவடைக்கு வருகிறது. சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால நெல்லுக்கு 155 முதல் 160 நாள் ஆகும். ஆகஸ்ட் தொடக்கத்தில் விதைத்தால்தான் பொங்கலுக்குக் கதிர் முற்றும். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12; அது தள்ளிப்போகிற ஆண்டுகளில் விதைப்பும் தள்ளிப்போய், பொங்கலன்று வயலில் பச்சைக் கதிர்தான் நிற்கும். அதனால்தான் முழு அறுவடைக்கு முன்பே முற்றிய கதிராகப் பார்த்து ஒரு கைப்பிடி அறுத்து வந்து, அதைக் குத்தி அரிசியாக்கி, பானையில் மற்ற அரிசியோடு கலக்கும் பழக்கம் உண்டு. புதிர் எடுப்பது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதே புதிர் எடுத்தல் தைப்பூசத்தை ஒட்டி நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல் போகம் ஆடி, ஆவணி வாக்கில் முற்றுவதால் அங்கே கோயில்களில் நிறைபுத்தரிசிப் பூசை ஆடியிலேயே வந்துவிடுகிறது. நெல் எப்போது முற்றுகிறதோ அப்போது புதிது உண்பது, அதுதான் முறை.

இப்போது அரிசி. புது நெல்லை அறுத்தவுடன் அதில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். பச்சரிசியாக அரைக்க அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அவசரப்பட்டு உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, மணியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஆலையில் போட்டால் பாதி குருணை. இளவெயிலில் காலையும் மாலையும் காயவைத்து, நடுவில் குவித்து மூடிவைத்தால் மணி உடையாது. பொங்கலுக்குக் குருணை கலந்தாலும் பாதகமில்லை, இன்னும் நன்றாகவே குழையும்.

கடையில் வாங்குகிறவர்கள் புத்தரிசியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்தித் தேய்க்கலாம். புத்தரிசியில் லேசான வெள்ளை மாவு ஒட்டும், வைக்கோலும் பாலும் கலந்தது போன்ற மணம் வரும். பல்லில் கடித்தால் எளிதில் உடையும். பழைய அரிசி கொஞ்சம் மஞ்சளித்து, கடித்தால் 'டக்'கென்று தெறிக்கும்.

இந்த வேறுபாடு மணத்தோடு நின்றுவிடுவதில்லை. நெல் இருப்பு ஆக ஆக அரிசி இறுகி, வேகும்போது அதிகத் தண்ணீர் குடித்து, உதிரி உதிரியாக விரியும். புத்தரிசி குறைந்த தண்ணீரில் சீக்கிரம் வெந்து, மாவுச்சத்தை வெளியே விட்டு ஒட்டிக்கொள்ளும். தினசரிச் சோற்றுக்கு அது குறை. பொங்கலுக்கோ அதுதான் குணம். ஆகவே திறந்த பானையில் புத்தரிசி ஒரு பங்குக்குப் பாலும் நீரும் சேர்த்து நான்கு பங்கு போதும். ஓர் ஆண்டு பழைய அரிசிக்கு ஐந்து, ஐந்தரை வேண்டும். கைக்குத்தல் என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே. சிறப்பிதழில் சொன்ன ஐந்து டம்ளரைப் புத்தரிசிக்கு வைத்து, ஆவி வெளியேறாத குக்கரில் ஐந்து விசிலும் விட்டால் கிடைப்பது கூழ். அதில் வெல்லப்பாகு சேர்ந்தால் இன்னும் நீர்த்துப் பாயசமாகிவிடும். குக்கர்தான் என்றால் புத்தரிசிக்கு மூன்றரைப் பங்கு நீர், மூன்று விசில், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடுதல் என்று எழுதியிருக்கலாம். ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பில் வாங்கும் பச்சரிசி எந்தப் பருவத்து நெல் என்று பையில் எழுதியிருக்காது. அதைப் பழைய அரிசி என்று வைத்துக்கொண்டு நீர் அளப்பதே பாதுகாப்பு. குறைந்தால் வெந்நீர் ஊற்றலாம், கூடினால் எடுக்க முடியாது.

பானையைப் பற்றிச் சிறப்பிதழ் எதுவுமே சொல்லவில்லை. புதுப்பானையை வாங்கியவுடன் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று மணியோசை வந்தால் நல்ல சூளையில் வெந்தது. 'தொப்' என்று அடங்கின ஓசை வந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது. வாங்கிய பானையை ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் முழுக அமிழ்த்தி வைக்க வேண்டும். முதலில் சின்னச் சின்னக் குமிழியாக மண்ணின் துளைகளிலிருந்து காற்று வெளியேறும். குமிழி நின்ற பிறகுதான் பானை நீர் குடித்து முடிந்தது என்று பொருள். அடுத்த நாள் வெளியே எடுத்து, அரிசி களைந்த நீரை முக்கால் பானை ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் காய்ச்சி, அப்படியே ஆற விட வேண்டும். கழுநீரில் உள்ள மாவு துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். மறுநாளும் இதே போல் ஒரு முறை. மண்வாடையும் அடங்கிவிடும், கசிவும் நின்றுவிடும். இதைச் செய்யாமல் வாங்கின அன்றே காய்ந்த பானையை நேராகத் தீயில் வைத்தால் அடிப்பாகம் வேகமாகச் சூடேறி விரிய, மேல்பாகம் குளிர்ந்தே நிற்க, இடுப்பில் வளையமாக விரிசல் ஓடும். அடுப்பில் சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீரை ஊற்றினாலும், இறக்கி ஈரத் தரையில் வைத்தாலும் அதே கதிதான். ஊற்றுவது வெந்நீராக இருக்கட்டும். இறக்கி வைக்க வைக்கோல் பிரிமனை வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய துணியைத் திரித்து வளையமாக்கிக் கொள்ளலாம்.

பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசிய பானைகள் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. அவை அலங்காரத்துக்கு மட்டுமே. தீ பட்டால் வண்ணம் கருகி, புகையும் நாற்றமும் பொங்கலில் இறங்கும். அரைத்த அரிசிமாவும் செம்மண் காவியும் போதும். பானை அழகாகவே இருக்கும். மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கழுத்தில் கட்டும்போது நனைத்து, தோள்பட்டைக்கு மேலே கட்டுங்கள். தாழ்த்திக் கட்டினால் விறகுத் தீ நக்கி இலை கருகும், கயிறும் அறும்.

எரிவாயு அடுப்பில் மண்பானை வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. உருண்டை அடிப்பானை பர்னர் மேல் ஆடும். நடுவில் குழிந்த ஓர் இரும்புத் தோசைக்கல்லை அடியில் வைத்தால் ஆட்டமும் குறையும், சூடும் பரவும். பால் பொங்கி வழியும்போது சுடர் அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்று பானையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒருவர் கண் சுடரின் மேல் இருக்க வேண்டும். அணைந்தால் உடனே குமிழை மூடி, சன்னலைத் திறந்து, சில நிமிடம் கழித்தே மறுபடி பற்றவைக்க வேண்டும்.

அளவுகளை ஐந்து லிட்டர் கொள்ளும் பானைக்குச் சொல்கிறேன். எட்டுப் பத்துப் பேருக்குக் காணும். புத்தரிசி அரைக் கிலோ, பாசிப்பருப்பு 100 கிராம், பால் அரை லிட்டர், வெல்லம் முக்கால் கிலோ, நெய் 150 கிராம், முந்திரி 50 கிராம், உலர்திராட்சை ஒரு பிடி, ஏலக்காய் எட்டு, ஜாதிக்காய்த் துருவல் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

அரிசியை இரண்டு முறை களையுங்கள். முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் கழுநீரைச் சேர்த்து வையுங்கள். பானையில் அந்தக் கழுநீரும் நல்ல நீரும் மூன்று லிட்டர் அளவுக்கு ஊற்றி, பாலை வார்த்துச் சூடேற்றுங்கள். கழுநீர் எதற்கு என்று கேட்பவர் உண்டு. வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் பொங்காது, குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலின் புரதமும் கழுநீரின் மாவும் குமிழியைச் சுற்றித் தோல் போலப் படிந்து அதை உடைய விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆவி உள்ளே அடைபட்டு நுரை ஏறுகிறது. பானையின் வயிறு அகன்று கழுத்து குறுகியிருப்பதால் அகலமாகக் கிளம்பிய நுரை கழுத்தில் நெருக்குண்டு விசையோடு மேலே வரும். முதலில் விளிம்பை ஒட்டி ஓர் ஆடை சுருங்கும், நடுவில் ஒரு கொப்புளம் எழும், பிறகு மொத்த ஆடையும் குடை போல உயர்ந்து மஞ்சள் இலையைத் தொட்டு வழியும். பால் குறைவாக, மிகவும் நீர்த்ததாக இருந்தாலோ, தீ மந்தமாக இருந்தாலோ பொங்காமல் ஓரத்திலேயே கொதித்துக் கொண்டிருக்கும். அப்போது நாலு சுள்ளியைச் சேர்த்துத் தீயைத் தூண்டினால் போதும்.

பொங்கியதும் பானையிலிருந்து ஏறக்குறைய முக்கால் லிட்டரை முகந்து தனியே வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். பொங்கி வழிவதற்காகப் பானையை நிறைத்தோம். அரிசி வேக அவ்வளவு தேவையில்லை. முகக்காமல் அரிசி போட்டால் வழிந்துகொண்டே இருக்கும், அல்லது கடைசியில் நீர் நிற்கும். முகந்த நீரைச் சூடாகவே வைத்திருந்து, தேவைப்பட்டால் திருப்பி ஊற்றிக்கொள்ளலாம்.

வறுத்த பாசிப்பருப்பை முதலில் போட்டு, பத்து நிமிடம் கழித்து அரிசியைப் போடுங்கள். பழைய அரிசிக்கு இரண்டையும் சேர்த்துப் போடலாம். புத்தரிசி முந்திக்கொள்ளும், பருப்பு நறுக்கென்று நின்றுவிடும். அரிசி போட்ட பிறகு தீயைப் பாதியாகக் குறையுங்கள். புத்தரிசி விடும் மாவு அடியில் தங்கி எளிதாகப் பிடிக்கும். மர அகப்பையோ சிரட்டை அகப்பையோ கொண்டு அடியை வருடினாற்போல் கிளறுங்கள், சுரண்டாதீர்கள். ஒருவேளை அடிப்பிடித்துவிட்டால் அசைக்காமல் மேல்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கலக்கிவிட்டால் கருகல் மணம் ஏறி, ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் போகாது. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் சோறு மசியும். முழுதும் மசிவதற்குக் கொஞ்சம் முன்பே விறகை இழுத்துவிடுங்கள். மண்பானை தன் சூட்டிலேயே இன்னும் பத்து நிமிடம் வேகவைக்கும்.

இனி வெல்லம். சிறப்பிதழில் 'அரிசி முக்கால் பதம் வெந்ததும் வெல்லத்தைப் பொடித்துச் சேர்க்கவும்' என்றிருந்தது. இதுதான் மிகப் பெரிய பிழை. இனிப்பு, நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். வெல்லம் விழுந்த நொடியிலிருந்து அரிசியும் பருப்பும் மேற்கொண்டு மசியாது. அரை வேக்காட்டில் சேர்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் நடுவில் நறுக்கென்ற அரிசி அப்படியே இருக்கும். ஒரு பருக்கையை விரல்களுக்கு நடுவில் நசுக்கினால் கரு இல்லாமல் வெண்ணெய் போலப் பரவ வேண்டும். அதன் பிறகே வெல்லம். பொடித்துப் போடுவதும் கூடாது. ஒன்றரை டம்ளர் நீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டுக் கையில் தொட்டால் பிசுபிசுக்கும் பதத்தில் இறக்குங்கள். வெல்லத்தில் மணலும் சக்கைத் துணுக்கும் இருக்கும். வெல்லத்துக்குப் புளிப்புத்தன்மையும் உண்டு, கொதிக்கும் பாலில் கொதிக்கும் பாகு விழுந்தால் பால் திரியும். சோறு பாலை முழுதும் குடித்து முடித்து, பானையைத் தீயிலிருந்து இறக்கிய பிறகு, பாகையும் கொஞ்சம் ஆறவிட்டுச் சேர்த்தால் திரியாது. அதன்பின் சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி நெய்யை மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

வெல்லம் வாங்கும்போது வெளிர்மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைத் தேடாதீர்கள். சாற்றை வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டால் வருகிற நிறம் அது. கரும்பழுப்பு வெல்லத்தில் பொங்கல் கறுப்பாகத்தான் இருக்கும். இருக்க வேண்டியதும் அதுதான். சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரிலுள்ள சர்க்கரை, கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த நாட்டுச்சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரைக்குத் தெற்கே இன்றும் சீனி என்றுதான் பெயர். ரேஷன் தொகுப்பில் அரிசியோடு தருவது வெள்ளைச் சர்க்கரை என்பதால் அதையே பானையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் போட்டால் இனிப்பு மட்டும் இருக்கும், வெல்லத்தின் மணமும் பிசுக்கும் வராது.

பச்சைக் கற்பூரம் சேர்ப்பவர்கள் மேலே சொன்ன அளவுக்கு ஓர் அரிசிமணியில் பாதி, அதற்கு மேல் வேண்டாம். கூடினால் கசக்கும், உடம்புக்கும் கெடுதி. முக்கியமாக, தீபாராதனைக்கு ஏற்றும் சூடக் கட்டி வேறு, பச்சைக் கற்பூரம் வேறு. பூசைக் கற்பூரத்தை உணவில் போடவே கூடாது, குழந்தைகளுக்கு அது நஞ்சு. 'கற்பூரம் ஒரு துண்டு' என்று மொட்டையாக அச்சிட்டிருந்ததைத் திருத்த வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்கிறேன்.

எல்லா ஊரிலும் சர்க்கரைப் பொங்கலே முதன்மை என்பது போல இதழ் எழுதியதும் சரியில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் முற்றத்தில் பொங்குவது பெரும்பாலும் பால் விட்ட வெறும் பச்சரிசிப் பொங்கல். பருப்பும் இல்லை, மிளகும் இல்லை. அதற்குத் துணை கிழங்குக் குழம்பும் காய்கறிகளும். சிறுகிழங்கு மார்கழி தையில்தான் வரும். மண் ஒட்டிய தோலைக் கத்தியால் சீவினால் கிழங்கில் பாதி போய்விடும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாக்கில் கட்டிக் கல்லில் புரட்டித் தேய்த்தால் தோல் தானாக உரிந்து, வெள்ளைக் கிழங்கு முழுதாக வெளியே வரும். சேனையும் சேம்பும் அரிக்கும் என்பதால் புளித்தண்ணீரில் வேகவைப்பார்கள். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுநரம்பை உருவிவிட்டுத் தின்பார்கள். தஞ்சை வட்டாரத்தில் பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் எல்லாம் போட்ட புளிக்கூட்டு. இந்தக் காய்களெல்லாம் அந்த மாதம் வேலியிலும் கொல்லையிலும் காய்ப்பவை. தட்டில் ஏறியது அந்தப் பருவமே. கொங்கு நாட்டில் முந்தின நாள் சிறுபீளை, ஆவாரை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் வயலிலும் தொழுவத்திலும் காப்புக் கட்டுகிறார்கள். அந்தப் பூவையும் சிறப்பிதழில் காணவில்லை.

மீந்த வெண்பொங்கலில் அன்றிரவே தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பழையதாகத் தயிரோடும் முந்தின நாள் குழம்பைச் சுண்டவைத்தும் சாப்பிடலாம். பாலும் வெல்லமும் சேர்ந்த சர்க்கரைப் பொங்கலை மண்பானையிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஒரே இரவில் புளித்துவிடும்.

மாட்டுப் பொங்கலைப் பற்றி இதழில் வந்த ஒரு படம் மனதை உறுத்தியது. பெரிய தாம்பாளம் நிறையச் சர்க்கரைப் பொங்கலைப் பசு தின்று கொண்டிருந்தது. மாட்டின் பெருவயிறு புல்லையும் வைக்கோலையும் மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கும்படி அமைந்தது. பழக்கமில்லாமல் ஒரே நேரத்தில் நிறையச் சோறு உள்ளே போனால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், சாணம் இளகி நாறும், மாடு படுத்துவிடும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஒவ்வோர் ஆண்டும் ஊரிலுள்ள எல்லா வீட்டாரும் அன்புமிகுதியில் ஆளுக்கொரு கவளம் ஊட்டுவதால் இது நேர்கிறது. ஒரு மாட்டுக்கு மொத்தமே ஒன்றிரண்டு கைப்பிடி, அதற்கு முன் வயிறு நிறைய வைக்கோல், பக்கத்தில் தாராளமாகத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. அசைபோடுவது நின்றுவிட்டது என்று தெரிந்தால் காலை வரை பொறுக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கொம்புக்கும் எனாமல் வண்ணம் வேண்டாம். காவியும் சுண்ணாம்பும் போதும். கழுத்தில் பிளாஸ்டிக் மாலை போட்டால் பக்கத்து மாடு அதைத் தின்றுவிடும்.

அடுத்த ஆண்டுச் சிறப்பிதழுக்கு என் வேண்டுகோள்: செய்முறையின் முதல் வரியில் அரிசி புதிதா பழையதா என்று குறிப்பிடுங்கள், பானைக்கும் குக்கருக்கும் தனித்தனி அளவு கொடுங்கள், வெல்லம் சேர்க்கும் இடத்தைத் திருத்துங்கள். இதழைப் போகியன்று வெளியிடாமல் மார்கழி 20ஆம் தேதிக்குள் வெளியிடுங்கள். வாங்கிய பானையை ஊறவைத்துப் பழக்கவே மூன்று நாள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவையாறு.